420 அவ்வளவு சீக்கிரம் மறையாது
பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்துவிட்டதால், மோசடிக்கு 420, கொலைக்கு 302 என்று பழைய பிரிவு எண்களைச் சொல்லும் போலீஸ் பேச்சு சில ஆண்டுகளில் மறைந்துவிடும் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. வக்கீல் குமாஸ்தாவாக தினமும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறேன். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த மோசடிக்கு எஃப்.ஐ.ஆரில் 318(4) என்றுதான் டைப் ஆகிறது. அதை நீட்டும் ஏட்டையாவோ "இந்தாப்பா, உங்க ஃபோர் ட்வென்ட்டி கேஸு" என்கிறார். இத்தனைக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள்தான், 420 என்ற எண்ணே கிடையாது. 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலிருந்து கிளம்பிய அந்த எண், கைமாத்து வாங்கித் திருப்பித் தராத மச்சானைத் திட்டும் வசவாகவே ஆகிவிட்டது. 302 விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பழைய சட்டத்தில் அது கொலை, புதியதில் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலைக்கு இப்போது 103. ஜாமீன் கேட்டு வரும் குடும்பத்துக்குப் பழைய வழக்கா, புது வழக்கா என்று பார்த்தே விளக்க வேண்டியிருக்கிறது. போலீஸ் பேச்சில் வரும் இன்னொரு சொல்லான 'குண்டாஸ்', அதாவது தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டம், ரவுடிகளுக்கு மட்டும் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படியில்லை, 1982-ல் வந்த அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே கள்ளச்சாராயக்காரர்களும் போதைப்பொருள் விற்பவர்களும் இருக்கிறார்கள், 2004-ல் திருட்டு வீடியோக்காரர்களும் சேர்ந்தார்கள்.