போர்டு கம்பெனியுடையது, கடை யாருடையது?

மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு டிவி வாங்கினோம். வாசலில் ஒரே ஒரு பிராண்டின் பெயர் ஆளுயரத்துக்கு எரிகிற ஷோரூம். கம்பெனியிடமே நேராக வாங்குகிறோம் என்றுதான் நினைத்தேன். பதினோராவது மாதம் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. பில்லைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனால், கல்லாவில் இருந்தவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “நாங்க டீலர்தான் சார், கம்பெனி வேற. டோல்ஃப்ரீ நம்பருக்கு அடிச்சு கம்ப்ளைன்ட் போட்டுடுங்க.” பில்லை விரித்துப் பார்த்தேன். மேலே பெரிதாக லோகோ. ஜிஎஸ்டி எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு ஏஜென்சீஸ். வாங்கின அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், யார் பார்க்கிறோம்? மெக்கானிக் வந்தது ஒன்பதாவது நாள்.

அதனால், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் சொந்தமாகக் கடை திறப்பதை நண்பர்கள் “கண்ணாடி மாளிகை, வெறும் பந்தா” என்று கிண்டலடிக்கும்போது என்னால் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை. விற்றவனே பதில் சொல்லும் கடை என்றால் பந்தா இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆப்பிள் தன் முதல் இரண்டு கடைகளை 2001 மே 19 அன்று அமெரிக்காவில் திறந்தது, ஒன்று வர்ஜீனியாவில், இன்னொன்று கலிபோர்னியாவில். ‘டார்கெட்’ என்ற அமெரிக்கக் கடைத் தொடரிலிருந்து ஆப்பிளுக்கு வந்த ரான் ஜான்சன் அந்தக் கடைக்குள் ‘ஜீனியஸ் பார்’ என்று ஒரு மேசையைப் போட்டார். கெட்டுப்போன கம்ப்யூட்டரை வாங்கின இடத்திலேயே கொண்டுபோய் வைத்து, எதிரில் நிற்பவரிடம் “இதுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கடையின் உயிரே அந்த மேசைதான். அதே காலத்தில் கேட்வே என்ற கம்ப்யூட்டர் கம்பெனியும் ஊருக்கு ஊர் கடை வைத்திருந்தது. ஆனால் அங்கே சரக்கே இருக்காது. பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தால் பெட்டி பிறகு வீட்டுக்கு வரும். 2004இல் மிச்சமிருந்த 188 கடைகளையும் மொத்தமாக மூடினார்கள்.

நம் நாட்டில் ஒற்றை பிராண்ட் கடைக்கு 2012இலேயே 100 சதவீத அந்நிய முதலீடு அனுமதிக்கப்பட்டது. கூடவே ஒரு கொக்கி: 51 சதவீதத்தைத் தாண்டினால் 30 சதவீதக் கொள்முதல் உள்நாட்டில் இருக்க வேண்டும். 2019இல் அதைத் தளர்த்தினார்கள். அப்புறம்தான் 2023 ஏப்ரலில் மும்பையிலும் டெல்லியிலும் ஆப்பிள் தலைமை நிர்வாகி டிம் குக் வந்து சொந்தக் கடைகளின் கதவைத் திறந்தார். அதுவரை நாம் ‘ஆப்பிள் கடை’ என்று போய் வந்ததெல்லாம் ரீசெல்லர்களின், அதாவது வாங்கி விற்கிறவர்களின் கடை. 2025 செப்டம்பரில் பெங்களூருவிலும் புனேயிலும் சொந்தக் கடை வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிஃப்ட் போட்டு ஐபோன் செய்கிறார்கள், ஆனால் அந்த ஊர்களில் சென்னை இல்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

பல பிராண்ட் விற்கும் கடையில்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பார்கள். சரி, ஆனால் அங்கே நம்மைச் சூழ்கிற டி-ஷர்ட் பையன்களில் பலர் கடையின் ஆட்களே அல்ல, கம்பெனிகள் நிறுத்திய புரமோட்டர்கள். நீங்கள் ஒரு ஃபிரிட்ஜைப் பார்த்தால் அவர் தன் கம்பெனி ஃபிரிட்ஜின் பக்கம் தோளைத் தொட்டுத் திருப்புவார். ஒப்பிடலாம் என்று திறக்கப் போனால், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டின டேப்பைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள்.

இழப்பும் உண்டு, மறைக்கவில்லை. கம்பெனிக் கடையில் “கடைசி விலை சொல்லுங்கண்ணே” என்று கேட்க வாயே வராது. ஆடித் தள்ளுபடியில் ஹாட் பாக்ஸ் கிடைக்காது. என் அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு கடையே இல்லை.

இப்போதெல்லாம் எந்த ஷோரூமுக்குள் போனாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: “இது கம்பெனியே நடத்துறதா, ஃபிரான்சைஸா?” போன வாரம் ஒரு மொபைல் ஷோரூமில் கேட்டேன். பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தலைக்கு மேலே எரிகிற போர்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கம்பெனி மாதிரிதான் சார்.”