கைகுலுக்கியதோடு நின்றுபோகும் ஒப்பந்தங்கள்

பல்கலைக்கழகமும் சிப் நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கும் படங்களுக்குக் குறைவே இல்லை. பெரும்பாலானவை ஒரு சிறப்புரை, ஒரு தொழிற்சாலைச் சுற்றுலாவோடு முடிந்துபோகின்றன. யார், எந்தக் கருவியில், எத்தனை மாதம் வேலை செய்வார்கள் என்பதை எழுதியிருக்கவே மாட்டார்கள்.

இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய மோசிஸ் என்ற சிப் தயாரிப்புச் சேவை நல்ல சான்று. ஒரேயொரு மாணவர் வடிவமைப்புக்காக மாஸ்க் (சிப்பின் வடிவத்தைச் சிலிக்கனில் பதிக்க உதவும் அச்சுத்தகடு) தயாரிப்பது எந்தப் பல்கலைக்கழகத் துறைக்கும் கட்டுப்படியாகாது. மோசிஸ் பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் (சிப்கள் உருவாகும் சிலிக்கன் தட்டில்) சேர்த்துச் செலவைப் பங்கிட்டது. வரைந்த சிப் மாணவர் கைக்கே வந்தது. 2020-இல் சிப் தயாரிப்பு நிறுவனமான ஸ்கைவாட்டரும் கூகுளும் 130 நானோமீட்டர் தயாரிப்பு முறைக்கான வடிவமைப்புத் தொகுப்பை (சிப் வரையத் தேவையான விதிகளும் தரவும்) எல்லோருக்கும் திறந்துவிட்டபோது, விவரங்களை வெளியிடமாட்டோம் என்று கையெழுத்திட வேண்டிய தடையும் அந்த முறைக்கு விலகியது.

ஆனால் சிப் தயாராகி வர மாதக்கணக்கில் ஆகும். செமஸ்டர் அதற்குள் முடிந்துவிடும். வடிவமைத்தவர் படிப்பை முடித்துப் போயிருப்பார், சிப் அலமாரியில் கிடக்கும். எனவே வடிவமைப்பு ஒரு செமஸ்டர், சோதனை அடுத்த செமஸ்டர் என்று மதிப்பெண்ணைப் பிரித்தே பாடத்தை அமைக்க வேண்டும். சிப்பைப் பொருத்திச் சோதிக்கும் மின்சுற்றுப் பலகையையும், வடிவமைப்பைத் தயாரிப்புக்கு அனுப்பும்போதே வரைந்துவிட வேண்டும். உள் சிக்னல்களில் முக்கியமானவற்றை வெளி முனைகளுக்குக் கொண்டுவராமல் விட்டால், சிப் வேலை செய்யாதபோது எங்கே பழுது என்று பார்க்க வழியே இருக்காது.

அடுத்த சிக்கல் காப்புரிமை. ஐரோப்பாவில், விண்ணப்பிக்கும் முன் கட்டுரை வெளியானால் காப்புரிமைக்குத் தேவையான புதுமைத் தகுதி பொதுவாகப் போய்விடும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு, வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. நிறுவனம் பயந்து எல்லாவற்றையும் பூட்டப் பார்க்கும், மாணவரின் ஆய்வேடு மாட்டிக்கொள்ளும். கட்டுரை வரைவை 30 நாள் முன்னதாக நிறுவனத்திடம் கொடுப்பது, தாமதம் மொத்தம் 90 நாளைத் தாண்டக் கூடாது என்பது, ஆய்வேட்டுத் தேர்வை எக்காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்பது: இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தில் மாணவரைச் சேர்ப்பது அநியாயம் என்றே சொல்வேன். இரு தரப்பும் முன்பே வைத்திருந்த கண்டுபிடிப்புகளைத் தனிப் பட்டியலாக இணைத்துவிட்டால் பின்னால் வரும் சண்டையில் பாதி குறையும்.

கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடும், அதை இயக்கும் தொழில்நுட்பருக்குச் சம்பளம் கிடைக்காது. வெற்றிடப் பம்பின் எண்ணெயை மாற்ற ஆளில்லாமல் விலையுயர்ந்த கருவிகள் முடங்குகின்றன. நிறுவனம் கருவியைத் தானமாகத் தருவதாகச் சொன்னால், பராமரிப்புச் செலவும் ஒரு தொழில்நுட்பரின் சம்பளமும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால் கருவியை வாங்காதீர்கள். அவர்கள் ஆய்வகத்திலேயே மாணவருக்கு நேரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள்.