இந்த வீட்டில் ஆள் யாராவது இருக்கிறீர்களா?

'செல்ஃப் செக்-இன்', அதாவது ஆள் யாரும் இல்லாமல் நாமே எண்ணைப் போட்டுச் சாவி எடுத்துக்கொண்டு உள்ளே போவது. அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் சிக்கினால் அடிக்க மாட்டேன். நவம்பர் மாத ராத்திரி பதினோரு மணிக்கு, கொட்டுகிற மழையில், ஆறு டிகிரி குளிரில், ஒரு பூட்டிய கதவு முன்னால் நிற்க வைத்து, கையில் நாலு இலக்க எண் ஒன்றைக் கொடுப்பேன். தப்பான எண்.

போன வாரம் நான் அப்படித்தான் நின்றேன். நான் மட்டுமல்ல, ஆறு பேர்.

நான் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கிற ஆக்கனில் முதுகலை படிக்கிறேன். நெதர்லாந்தும் பெல்ஜியமும் எங்கள் ஊருக்கு ஒட்டின மாதிரி. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஆம்ஸ்டர்டாம் பார்க்கவில்லையா என்று ஊரில் இருக்கிற சித்தப்பா வரைக்கும் கேட்டுவிட்டார். சரி, வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பிவிடலாம் என்று ஆறு பேர் சேர்ந்து முடிவெடுத்தோம். இரண்டு இரவு. இதில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது?

முதல் தப்பு ஆறு பேராகப் போனது. ஆம்ஸ்டர்டாமில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, அதுவும் வருஷத்துக்கு அதிகபட்சம் 30 இரவுதான் விடலாம். அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கே குடியிருக்க வீடு கிடைக்காத ஊர் அது. ஆனால் ஆறு பேருக்கு ஒரே கூரை வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே தேட வேண்டும். அப்படித்தான் வீடு வாடகைக்குப் பிடிக்கிற ஒரு செயலியில், பக்கத்து ஊரான ஸாண்டமில் ஒரு வீடு கண்ணில் பட்டது. 'ஆம்ஸ்டர்டாம் மையத்திலிருந்து 15 நிமிடம்.' பொய் இல்லை, ரயிலில் அவ்வளவுதான் ஆகும். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு 25 நிமிடம் நடக்க வேண்டும் என்பதை எங்கேயும் எழுதவில்லை.

இரண்டு இரவுக்கு 260 யூரோ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பணம் கட்டுகிற பக்கத்துக்குப் போனதும் கிளீனிங் ஃபீஸ் 65, சர்வீஸ் ஃபீஸ் 46 என்று ஏறி, 371 ஆகிவிட்டது. தலைக்கு ஏறக்குறைய 62. உங்களுக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். எங்களுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த கணக்கிலிருந்து, மாதம் 992 யூரோதான் கையில் விழும். அதிலேதான் வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம். மாதக் கடைசியில் அரிசி மூட்டையைத் தட்டிப் பார்க்கிற கூட்டம் நாங்கள்.

வீடு தேடுகிற வேலை முழுக்க என் தலையில்தான் விழுந்தது. வாட்ஸ்அப் குழுவில் பதினேழு வீடு அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் மதுரைக்காரன் சொன்ன ஒரே பதில்: "எனக்கு எதுனாலும் ஓகே மச்சான்." இந்த ஆளை நம்பாதீர்கள். 'எதுனாலும் ஓகே' என்று சொல்கிறவன்தான் பிரச்சினை வந்ததும் "நான் அப்பவே நினைச்சேன்" என்று முதலில் வாய் திறப்பவன். நினைத்ததைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே!

பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதை விடுங்கள், அது வழக்கம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்லோட்டர்டைக் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்து, ஸாண்டமில் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தோம். அந்த ஊர்க் காற்றிலேயே கோகோ வாசனை அடிக்கும். பக்கத்தில் கோகோ தொழிற்சாலைகள் இருக்கின்றன. பசியில் நடக்கிறவனுக்கு அதைவிடக் கொடுமை வேறு வேண்டாம்.

வாசலில் ஒரு இரும்புக் கம்பி. அதில் எட்டு சாவிப் பெட்டிகள் தொங்குகின்றன, வேண்டுதலுக்குக் கட்டின பூட்டு மாதிரி. எங்கள் பெட்டி எது? செய்தியில் 'கறுப்பு நிறம்' என்று இருந்தது. எட்டும் கறுப்பு. கும்பகோணத்துக்காரி டார்ச் அடிக்க, நான் ஒவ்வொன்றாக எண்ணைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. தலைகீழாகப் போட்டுப் பார்த்தோம். தட்டிப் பார்த்தோம். "கல்லை வச்சு ரெண்டு போடு போட்டா திறந்துரும்" என்றான் மதுரைக்காரன். அந்நிய நாட்டில், விசாவில் இருக்கிற ஆறு பேர், நடு ராத்திரியில் பூட்டு உடைத்தால் எங்கே போய் நிற்போம் என்று அவனுக்கு விளக்க இரண்டு நிமிடம் ஆனது.

ஓனருக்கு ஃபோன் செய்தால் ரிங் போகிறது, எடுப்பார் இல்லை. செயலியில் செய்தி அனுப்பினால் உடனே பதில் வருகிறது: 'உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம்!' ஆச்சரியக்குறியோடு. அது இயந்திரம். பிறகு உதவி மையத்தின் சாட்டில் ஒரு ஆளைப் பிடித்தோம். ஆள்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அவர் கேட்ட முதல் கேள்வி: பூட்டு திறக்கவில்லை என்பதற்கு ஒரு புகைப்படம் அனுப்ப முடியுமா?

ஐயா, திறக்காத பூட்டை எப்படிப் படம் எடுப்பது? மூடியிருக்கிற பூட்டு எல்லாமே பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்!

ஆனாலும் எடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்வது? 'உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது. ஓனருக்கு 30 நிமிட அவகாசம் கொடுத்திருக்கிறோம்' என்று பதில் வந்தது. ஓனருக்கு அவகாசம்! நனைகிறவனுக்கு எவ்வளவு அவகாசம் என்று கேட்க யாரும் இல்லை. என் ஃபோனில் சார்ஜ் நாலு சதவீதம்.

தெருமுனையில் ஒரு கபாப் கடை திறந்திருந்தது. அன்றைக்கு எங்கள் கண்ணில் பட்ட முதல் மனிதர் அந்தக் கடைக்காரர்தான். கேட்காமலே சார்ஜரை நீட்டினார். அங்கே கப்சலோன் என்று ஒன்று விற்கிறார்கள். உருளைக்கிழங்கு வறுவல் மேல் இறைச்சி, அதன் மேல் உருகின சீஸ், அதன் மேல் சாலட். டச்சில் அந்தப் பெயருக்கு அர்த்தம் முடிதிருத்தும் கடை. பெயரைப் பார்த்து யோசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. கும்பகோணத்துக்காரி சைவம். வெறும் வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டு, "எங்க தெரு லாட்ஜுல ஷட்டரைத் தட்டினா ஒரு அண்ணன் கவுன்டருக்குக் கீழேருந்து எழுந்து வருவாரு" என்றாள். லுங்கியைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே வருவார்தான். ஆனால் வருவார். சாவி அவர் கையில் இருக்கும். ரூமில் கொசு இருந்தால் திட்டுவதற்கும் அவர் இருப்பார். அந்த அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு, அதற்குப் பெயர் 'உங்கள் வசதிக்காக' என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

இதே ஸாண்டமுக்கு 1697இல் ரஷ்யாவின் ஜார் மன்னர் பீட்டர் மாறுவேஷத்தில் வந்தார், கப்பல் கட்டும் தொழிலைக் கற்றுக்கொள்ள. ரஷ்யாவில் வேலை பார்த்திருந்த ஒரு கொல்லர் அவருக்குத் தெரிந்தவர். அவருடைய மரவீட்டில், அலமாரி மாதிரி சுவருக்குள் இருந்த ஒரு படுக்கையில் ஒரு வாரம் போலத் தங்கினார். அந்த வீடு இன்றைக்கும் அருங்காட்சியகமாக இருக்கிறது. பேரரசனே வந்தாலும் கதவைத் திறக்க ஒரு கொல்லர் இருந்தார் அந்தக் காலத்தில். அவரிடம் நம்பர் பூட்டைக் கொடுத்திருந்தால் ரஷ்யாவுக்குக் கடற்படையே வந்திருக்காது.

பன்னிரண்டே முக்காலுக்குப் புது எண் வந்தது. மன்னிப்பு எல்லாம் இல்லை. எங்களுக்கு முதலில் வந்தது எங்களுக்கு முன்னால் தங்கினவர்களின் எண்ணாம். எங்கள் எண் அவர்களுக்குப் போயிருந்ததாம். அதாவது, ஊரில் யாரோ ஒருவரிடம் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது.

உள்ளே போனால் படிக்கட்டு. அதைப் படிக்கட்டு என்று சொல்லக் கூடாது, ஏணி. ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, ஒரு கையால் பையைப் பிடித்து ஏற வேண்டும். 'ஆறு பேர் தூங்கலாம்' என்றதன் கணக்கு மேலே போனதும் புரிந்தது: ஒரு கட்டில், இரண்டு பேர். ஒரு சோபா, இரண்டு பேர், அவர்கள் கணவன் மனைவியாக இருந்தால். காற்றடிக்கிற மெத்தை ஒன்று, மீதி இரண்டு பேர். மெத்தையில் ஓட்டை. விடியற்காலை நாலு மணிக்கு நாகர்கோவில்காரன் தரையில் கிடந்தான், மெத்தை அவன் மேல் கிடந்தது. ஹீட்டரை ஓனர் எங்கிருந்தோ ஃபோனில் 17 டிகிரியில் நிறுத்தி வைத்திருந்தார். பாருங்கள், ஹீட்டரைக் குறைக்க மட்டும் அவருக்கு ஃபோன் வேலை செய்கிறது!

சுவரில் லேமினேட் செய்த இரண்டு பக்க விதிகள். போகும்போது படுக்கை உறைகளைக் கழற்றி மூட்டை கட்ட வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். குப்பையைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். கடுமையான வாசனை வரும் சமையல் கூடாது. (அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று எங்களுக்குத் தெரியாதா?) எல்லாவற்றையும் நான்தான் செய்ய வேண்டும் என்றால் 65 யூரோ கிளீனிங் ஃபீஸ் எதற்கு? நான் என்னைச் சுத்தம் செய்துகொண்டதற்கா?

இதோடு முடிந்திருந்தால் சிரித்து மறந்திருப்பேன். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வான் கோ அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வைத்திருந்தோம். அங்கே நேரம் குறித்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். வான் கோ 1888இல் வரைந்த தன் படுக்கையறைப் படம் அங்கேதான் தொங்குகிறது. ஒரு மரக்கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். அதைப் பார்க்கத்தான் நான் இந்தப் பயணத்துக்கே ஆசைப்பட்டேன். ஒரு மணிக்கு டிராமில் இருக்கும்போது செய்தி வந்தது: 'தண்ணீர்க் குழாயில் கசிவு. இன்றிரவு தங்க முடியாது. உங்கள் பைகள் வாசல் நடையில் வைக்கப்பட்டுள்ளன.'

வாசல் நடையில்! எட்டு வீட்டுக்காரர்களுக்குப் பொதுவான நடையில்! ஆறு பாஸ்போர்ட்டில் நாலு அந்தப் பைகளுக்குள் இருந்தன. படமாவது கட்டிலாவது என்று திரும்பி ஓடினோம். போய்ப் பார்த்தால் பைகள் இருந்தன, பாஸ்போர்ட்டும் இருந்தது, சாமி புண்ணியம். கசிவைத்தான் காணோம். மேலே இருந்து வாக்குவம் கிளீனர் சத்தம் கேட்டது. யாரோ கூடுதல் காசு கொடுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. நிரூபிக்க முடியாது. கசிகிற குழாய்க்கு மட்டும் யாரும் புகைப்படம் கேட்கவில்லையே!

நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஆறு பேர் கால்வாய் ஓரமாக நடந்தோம். உலகமே பார்க்க வருகிற கால்வாய்களை நான் அப்படித்தான் பார்த்தேன், ஓரக்கண்ணால். கடைசியில் ஒரு ஹாஸ்டலில் ஆறு படுக்கை கிடைத்தது, மூன்று வெவ்வேறு அறைகளில். படுக்கை 64 யூரோ. அதன் மேல் 2024லிருந்து ஆம்ஸ்டர்டாம் வாங்குகிற 12.5 சதவீதச் சுற்றுலா வரி, இன்னொரு 8. துண்டு வேண்டுமென்றால் 4. லாக்கருக்குப் பூட்டு 5. ஆனால் கவுன்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்து "வாங்க" என்றார். அதற்காகவே நான் முணுமுணுக்காமல் கொடுத்தேன். பதினெட்டுப் பேர் படுத்திருந்த அறையில் எனக்கு மேல் படுக்கை. கீழே ஒருவர் விட்ட குறட்டையில் கட்டிலே ஆடியது.

அந்த நேரத்தில்தான் அம்மா ஃபோன்.

"ரூம் நல்லாருக்கா கண்ணு?"

"நல்லாருக்கும்மா."

"வெந்நி வருதா?"

"வருதும்மா."

வேறென்ன சொல்ல?

திரும்பி வரும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் பஸ்ஸில் ஏறினார்கள். 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடக்கிறது. அந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பத்து நொடியில் நகர்ந்தார். ஒரு நாட்டுக்குள் நுழையவே பத்து நொடியில் விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் இரவுக்கான பணம் மட்டும் திரும்பி வருமாம், பத்து வேலை நாளில். கிளீனிங் ஃபீஸ் வராது, ஏனென்றால் 'வீடு சுத்தம் செய்யப்பட்டுவிட்டது'. சர்வீஸ் ஃபீஸ் வராது, ஏனென்றால் 'சேவை வழங்கப்பட்டுவிட்டது'. எந்தச் சேவை, அந்த ஆச்சரியக்குறியா? நான் கொடுத்தது ஒரு ஸ்டார். ஓனர் எங்களைப் பற்றி எழுதியது: 'அதிகமாகச் செய்தி அனுப்பும் விருந்தினர்கள்.' ஆமாம் சார், கதவு திறந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. அதே ஓனர், அதே ஆச்சரியக்குறி. 'வருக! உங்கள் கதவு எண் இதோ.' கீழே நாலு இலக்கம். நான் ஆக்கனில் என் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், மணி பத்தே முக்கால், ஜன்னலுக்கு வெளியே மழை. ஸாண்டமிலும் பெய்துகொண்டிருக்கும்.