கல்லீரல் டாக்டர் போட்ட ஓட்டு

அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலாளர் ராபர்ட் கென்னடி ஜூனியரைத் திட்டி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கோபமெல்லாம் செனட்டர் பில் கேசிடி மேல்தான். கென்னடிக்குத் தடுப்பூசி மேல் நம்பிக்கை இல்லை என்பது இருபது வருடமாக ஊரறிந்த சங்கதி. கேசிடி விஷயம் தெரிந்த மனுஷன், தெரிந்தே கென்னடி நியமனத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்.

லூசியானாக்காரர், குடியரசுக் கட்சி. கல்லீரல் டாக்டர். பேட்டன் ரூஜில் ஏழைகளுக்கான மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்தப் பகுதியில் 36,000 பிள்ளைகளுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசி இலவசமாகக் கிடைக்க முன்னின்றவர். 2021-ல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் 'குற்றவாளி' என்று ஓட்டுப் போட்ட ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர். அன்றைக்கே அவரது மாநிலக் கட்சி கண்டனம் நிறைவேற்றியது. முதுகெலும்பு இல்லாத ஆள் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது.

2025 பிப்ரவரி 4. கென்னடி நியமனம் செனட் நிதிக் குழுவில் ஓட்டுக்கு வருகிறது. குழுவில் 27 பேர். 14 பேர் குடியரசுக் கட்சி, 13 பேர் ஜனநாயகக் கட்சி. கேசிடி ஒருவர் மாறியிருந்தால் 13-14. மாறவில்லை. 14-13 என்று தாண்டியது.

"முழு செனட் சபையில் கென்னடி எப்படியும் ஜெயித்திருப்பார், ஒரு ஓட்டால் என்ன ஆகும்" என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. கணக்கு பாதி சரி. பிப்ரவரி 13 அன்று சபையில் 52-48. குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர் சின்ன வயதில் போலியோ வந்த செனட்டர் மிட்ச் மெக்கானல் மட்டும். கேசிடியும் சேர்ந்திருந்தால் 51-49. தோற்கடிக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் 50-50 வந்தால் துணை அதிபர் ஓட்டு முடித்துவிடும். ஆனால் குழுவிலேயே தோற்ற ஒரு நியமனத்தை, கட்சியின் டாக்டர் செனட்டரே வேண்டாம் என்ற பிறகு சபைக்கு இழுத்து வருவது வேறு மாதிரி வேலை. தயங்கி நின்றவர்களுக்கு 'டாக்டரே சரி என்கிறாரே' என்று ஒரு சாக்கு கிடைத்தது. அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

ஓட்டுக்குப் பதிலாக அவர் கென்னடியிடம் வாங்கியது வாக்குறுதிகள். தடுப்பூசிப் பரிந்துரைக் குழுவான ஏசிஐபியின் பரிந்துரைகள் மாறாது. தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்ற சிடிசி (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) இணையதள வரிகள் நீக்கப்படாது. பாதுகாப்புக் கண்காணிப்பில் மாற்றம் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு. இருவரும் மாதத்துக்குப் பலமுறை பேசிக்கொள்வார்கள். இதில் ஒன்றுகூட சட்டம் இல்லை. நியமனத்தை உறுதி செய்யும் அதிகாரம் செனட்டுக்கு ஒரே ஒரு முறைதான். ஓட்டுப் போட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாது. பணத்தை வாங்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கதை.

ஜூன் 9: ஏசிஐபி உறுப்பினர்கள் 17 பேரும் ஒரே நாளில் நீக்கம். கென்னடி பரிந்துரையில் கைவைக்கவில்லை, பரிந்துரைப்பவர்களை மாற்றினார். நவம்பர் 19: சிடிசி பக்கத்தில் 'தடுப்பூசியால் ஆட்டிசம் வராது' என்ற தலைப்பு அப்படியே இருந்தது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு. செனட் சுகாதாரக் குழுத் தலைவருடன் செய்த உடன்பாட்டால்தான் தலைப்பை நீக்கவில்லை என்று கீழே விளக்கம். கீழே இருந்த வாசகங்களோ, அந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று மாறிவிட்டன. குழுத் தலைவர் யார்? கேசிடி! வார்த்தை பிசகாமல் வாக்குறுதியைக் காப்பாற்றி அவரையே கேலிப்பொருளாக்கிவிட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்? காரணத்தை அவர் சொல்லப்போவதில்லை, நான் சொல்கிறேன். லூசியானாவில் முன்பு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே முதல்கட்டத் தேர்தலில் நிற்பார்கள். ஜனநாயகக் கட்சி வாக்காளரும் அவருக்குக் குத்தலாம். 2024-ல் சட்டம் மாறியது. 2026 முதல் செனட் வேட்பாளரைத் தேர்வு செய்ய அந்தக் கட்சியில் பதிந்தவர்களும் எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் மட்டுமே ஓட்டுப் போட முடியும். கேசிடியின் செனட் இடத்துக்கு அடுத்த தேர்தலும் அதே 2026-ல்தான். சொந்தக் கட்சிக்காரர்களிடம் 2021 ஓட்டுக்குப் பிராயச்சித்தம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எனக்கு ஆறவே ஆறாதது ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூறில் ஐந்து பேருக்குத்தான். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. நம் ஊரிலும் பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டோடு இதையும் போடுகிறோம். தாய்க்குப் பரிசோதனை செய்யாமல் விட்டாலும், முடிவு தவறாக வந்தாலும் குழந்தையைக் காப்பது அந்த ஊசிதான். அமெரிக்காவில் 1991 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரை. 2025 டிசம்பர் 5 அன்று புது ஏசிஐபி 8-3 என்று அதை மாற்றியது: பரிசோதனையில் தாய்க்குத் தொற்று இல்லை என்றால் பெற்றோரும் டாக்டரும் பேசி முடிவெடுக்கலாம், பிறந்ததும் போடாவிட்டால் இரண்டு மாதமாவது தள்ளிப் போடலாம்.

'பல வருடம் இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டராகச் சொல்கிறேன், இது தவறு' என்று கேசிடி பதிவு போட்டார். சிடிசி பொறுப்பு இயக்குநர் இதில் கையெழுத்துப் போடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். டிசம்பர் 16 அன்று சிடிசி அந்தப் புதுப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது.