‘அதி உச்சம்’ என்றால் அணை உடையப் போகிறது என்று அர்த்தமா?

சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கும் டெய்லிங்ஸ் அணைகளின் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் ‘அதி உச்சம்’ என்று வகைப்படுத்தப்பட்ட அணைகளெல்லாம் எந்த நேரமும் உடையும் என்கிறது அந்தச் செய்தி. இது தவறு.

அந்த வகைப்பாடு அணையின் உறுதியை அளப்பதல்ல. ஒருவேளை உடைந்தால் கீழே எவ்வளவு உயிர், ஆறு, வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்பதையே சொல்கிறது. 2020 ஆகஸ்டில் வெளியான உலகளாவிய டெய்லிங்ஸ் தரநிலையில் இதற்கு ஐந்து படிகள் உண்டு. நூறு பேருக்கு மேல் உயிரிழக்கக்கூடும் என்றால் அது ‘அதி உச்சம்’ என்ற மேல் படி. அப்படிப்பட்ட அணை, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும். அதாவது படி ஏற ஏற நிபந்தனையும் கடுமையாகும்.

உடையும் வாய்ப்பு தனிக் கணக்கு. பிரேசிலின் புருமாடின்யோ அணை, அரசுப் பதிவேட்டில் ‘உடையும் ஆபத்து குறைவு, உடைந்தால் சேதம் அதிகம்’ என்றுதான் இருந்தது. 2019 ஜனவரி 25 அன்று உடைந்து சுமார் 270 பேரைப் பலிகொண்டது. ஆகவே ‘ஆபத்து குறைவு’ என்ற வரியைப் பார்த்து நிம்மதியடைவதும் சரியல்ல; வதந்தி பரப்புவோர் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்வதே இல்லை!

ஓர் அணையின் உண்மை நிலை தெரிய, நிறுவனம் வெளியிடும் ஆய்வறிக்கையையும் குளோபல் டெய்லிங்ஸ் போர்ட்டல் என்ற இலவசத் தரவுத்தளத்தையும் பாருங்கள். அந்தப் பட்டியலை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.