மேடை தெரியவில்லை, போனை இறக்குங்கள்

இசை நிகழ்ச்சிக்குப் போனால் மேடை எங்கே தெரிகிறது? முன்வரிசையில் தூக்கிப் பிடித்த போன்கள்தான் தெரிகின்றன. பாடுகிறவர் கண்ணெதிரே நிற்கிறார்; இவர்களோ அவரை உள்ளங்கை அகலத் திரையில் பார்க்கிறார்கள். பாட்டு முடிவதற்குள் இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டாயிற்று. அப்புறம் அடுத்த பாட்டு முழுக்க, யார் பார்த்தார்கள், யார் ஹார்ட் போட்டார்கள் என்று திரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்டால் ‘ஞாபகத்துக்காக’ என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களில் முழுதாகப் படமெடுத்தவற்றைவிட, வெறுமனே நின்று பார்த்தவையே பங்கேற்றவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு வேலையை விட்டுவிடுகிறது போல.

சரி, ஒரு படம் எடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் 24 மணி நேரத்தில் தானாக மறையப்போகிற ஸ்டோரிக்காக, “கொஞ்சம் நகருங்க, ஃப்ரேம்ல வர்றீங்க” என்று பக்கத்தில் இருப்பவரை ஒதுக்குவது என்ன நியாயம்? கூட வந்தவர் ஏதோ சொல்ல ஆசையாகத் திரும்புகிறார். இவர் நிமிரவே இல்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த எனக்கே மனசு கேட்கவில்லை. அந்தப் போனைக் கொஞ்ச நேரம் பையில் போடுங்களேன்!