கையுறை செய்தவரின் மகன் எழுதக் கூடாதா?

ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. தத்துவ அறிஞர் பேக்கன் எழுதினார், ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எழுதினார், அதே காலத்து நாடகாசிரியர் மார்லோ செத்ததுபோல் நடித்துவிட்டு ஒளிந்திருந்து எழுதினார் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை செய்து விற்றவரின் மகன், பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவன், ராஜாக்களைப் பற்றி இப்படி எழுதியிருப்பானா?

ஏன் எழுதக் கூடாது? மார்லோவின் அப்பா செருப்புத் தைத்தவர். இன்னொரு நாடகாசிரியரான பென் ஜான்சனை வளர்த்தவர் கொத்தனார். அவர்கள் எழுத்தை யாரும் சந்தேகப்படுவதில்லையே!

1600-ல் அச்சான 'மச் அடோ அபவுட் நத்திங்' பிரதியை எடுத்துப் பாருங்கள். நாலாம் அங்கத்தில் டாக்பெரி என்ற கோமாளிக் காவலர் பேசும் பல இடங்களில் பாத்திரத்தின் பெயருக்குப் பதிலாக 'கெம்ப்' என்று இருக்கிறது. வில் கெம்ப் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் நகைச்சுவை நடிகர். எழுதுகிறவரின் மனதில் பாத்திரத்துக்கு முன்னால் நடிகர் வந்து நின்றுவிட்டார். மாளிகையில் மறைந்திருந்து எழுதிய பிரபுவுக்கா இது வரும்? ஒத்திகையில் கூடவே நின்றவருக்குத்தான் வரும். 'மெர்ரி வைவ்ஸ்' நாடகத்தில் ஒருவரின் வட்டத் தாடிக்குக் கையுறைக்காரரின் தோல் சீவும் கத்தியை உவமை சொல்கிறாள் ஒரு பெண். அந்தக் கத்தி அப்பாவின் பட்டறையில் கிடந்திருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு பிரபு 1604-லேயே இறந்துவிட்டார். 'டெம்பெஸ்ட்' நாடகத்திலோ, 1609-ல் பெர்முடா கரையில் மோதிய கப்பலின் கதை தெரிகிறது. முன்பே எழுதி வைத்துவிட்டார் என்கிறார்கள். எது, இன்னும் நடக்காத விபத்தையா?

சில நாடகங்களை அவர் மற்றவர்களோடு சேர்ந்து எழுதினார் என்பது வேறு விஷயம், அதில் எனக்குச் சண்டையில்லை. சக நாடகாசிரியர் ஃபிளெட்சரின் பெயர் 1634-லேயே அவர் பெயரோடு சேர்ந்து அச்சேறியிருக்கிறது. 2016-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பு 'ஆறாம் ஹென்றி' நாடகங்களில் மார்லோவுக்கும் பங்கு கொடுத்தது. இதெல்லாம் வரிவரியாக ஆராய்ந்து செய்கிற வேலை.

ஷேக்ஸ்பியர் தன் 1616 உயிலில் ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் என்ற மூன்று சக நடிகர்களுக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வைத்தார். பர்பேஜ் 1619-ல் போய்விட்டார். மற்ற இருவரும்தான் 1623-ல் 36 நாடகங்களைத் தொகுத்து நண்பரின் பெயரிலேயே வெளியிட்டார்கள். அவரோடு பல வருடம் மேடையில் நின்றவர்கள் அவர்கள். அதே புத்தகத்தில் பென் ஜான்சன் அவரை 'ஏவான் நதியின் அன்னம்' என்று பாடினார். ஸ்ட்ராட்ஃபோர்டு அந்த நதிக்கரையில்தான் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் கூடிப் பொய் சொன்னார்கள் என்பவர்கள், அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றையாவது காட்டிவிட்டுப் பேசட்டும்.